ஒன்பதாவது படி

அவருக்குக் ‘கல்லு சார்’ என்று பெயர் வைத்தது எந்த வருடத்துப் பிள்ளைகள் என்று யாருக்கும் ஞாபகமில்லை. பிள்ளைகள் வருடாவருடம் மாறினார்கள், பெயர் மட்டும் அந்தத் தொழிற்பயிற்சி நிலையத்திலேயே தங்கிவிட்டது. அவருக்கும் அது தெரியும். வெளியே காட்டிக்கொள்ளாவிட்டாலும் உள்ளுக்குள் அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைதான்.

மின்பணிப் பிரிவில் பாடம் நடத்துகிறவர் வேறு. நான்கு மாதத்துக்கு ஒருமுறை வரும் தேர்வில், கற்றுக்கொண்டவர்களுக்கு வேலை கைவந்திருக்கிறதா என்று நின்று பார்த்து எழுதுகிற மதிப்பீட்டாளர் இவர். மதிப்பீட்டாளர் பேசக்கூடாது, தலையசைக்கக்கூடாது, முகம் சுளிக்கக்கூடாது, இருமுவதாக இருந்தால்கூட யோசித்துத்தான் இரும வேண்டும். இந்த விதிகளை அவரைப் போல யாரும் கடைப்பிடித்ததில்லை. பக்கத்தில் இடி விழுந்தாலும் புருவம் அசையாது. சில பேருக்கு நேர்மை ஒரு நோய் மாதிரி வந்துவிடும், மருந்து கிடையாது. அவர் அந்த ரகம்.

அதற்கு முன் இருபது வருடம் ஒரு காகித ஆலையில் மின்பணியாளராக இருந்தார். அங்கே ஒருநாள் டெஸ்டரை வைத்துப் பார்த்து, மின்சாரம் இல்லை என்று அது சொன்னதை நம்பிக் கம்பியில் கை வைத்தார். மின்சாரம் இருந்தது. முதலில் வேலை செய்த டெஸ்டரின் பேட்டரிதான் நடுவில் செத்துப்போயிருந்தது. ஆறடி தள்ளிப் போய் விழுந்தார். உயிர் தப்பியது. ஆலையில் அவரை அதிர்ஷ்டக்காரர் என்றார்கள். அவர் தன்னை முட்டாள் என்றார்.

வீட்டிலும் அவர் அப்படித்தான். மனைவி தேநீர் போடும்போது சமையலறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். எதுவும் சொல்ல மாட்டார். மனைவி வீட்டிலேயே தையல் வேலை பார்ப்பவர், வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொள்ளும் வழக்கம் இல்லாதவர்.

“பாத்துக்கிட்டே நிக்காதீங்க. மார்க்கு போடறதுன்னா போட்டுட்டுப் போங்க” என்பார். அவர் போய்விடுவார். மகள் திருமணமாகிப் போகும் வரை அம்மாவுக்குப் பத்துக்கு ஆறு, ஏழு என்று அப்பா சார்பாக மார்க்கு போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மனைவிக்கு அவர்மேல் இருந்த பெரிய கோபம் மைக்கறை. சட்டைப் பையில் மை ஒழுகி மூன்று நல்ல சட்டைகள் பாழாகியிருந்தன. நான்காவது சட்டைக்கு அவர் வாங்கிக் கட்டிக்கொண்ட பேச்சுக்குப் பிறகு, எழுதாத நேரத்தில் பேனாவை மூடாமல் வைப்பதே இல்லை. எழுதுவார், எழுத வேண்டியது இல்லையென்றால் அந்தக் கணமே மூடிவிடுவார். மூடி நல்ல இறுக்கமான மூடி. ‘டக்’ என்று உட்காரும்.

தேர்வு இப்படி நடக்கும். பட்டறைச் சுவரில் ஒரு மின்பலகை. அதில் ஒரு லைனைப் பாதுகாப்பாக நிறுத்திவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும், அவ்வளவுதான். அதற்குப் பத்துப் படிகள். பக்கத்தில் இருப்பவர்களிடம் சொல்லு, சரியான பிரேக்கர் சுவிட்சைக் கண்டுபிடி, அணை, பூட்டு, எச்சரிக்கை அட்டையை மாட்டு, சாவியைப் பையில் போடு. ஏழாவது படி, மின்சாரம் இருக்கிற வேறொரு இடத்தில் டெஸ்டரை வைத்து அது வேலை செய்கிறதா என்று பார். எட்டாவது, அதே டெஸ்டரால் நிறுத்திய லைனைப் பார். ஒன்பதாவது, திரும்பவும் மின்சாரம் இருக்கிற இடத்தில் டெஸ்டரை வை, நடுவில் அது செத்துப்போகவில்லையே என்று உறுதி செய்துகொள். அதன்பிறகே பத்தாவது, கம்பியில் கை. கல்லு சார் காகித ஆலையில் விட்டது அந்த ஒன்பதாவது படியைத்தான். எல்லோரும் விடுவதும் அதைத்தான்.

தேர்வுக்கு வந்தவர் சுவரைப் பார்த்து நிற்பார். கல்லு சார் இரண்டடி பின்னால், வலது பக்கம். ஒவ்வொரு படி முடிந்ததும் தாளில் ஒரு குறி, அடுத்த குறிக்குப் பேனா திறந்தே தயாராக இருக்கும். ஒரு படியை விட்டுவிட்டால் குறி கிடையாது. ஆனால் கம்பியில் கை படுவதற்குள் தானாகவே நினைவு வந்து திருத்திக்கொண்டால் அது தேர்ச்சியாகவே கணக்கு. கடைசியில் ‘தேர்ச்சி’ அல்லது ‘இன்னும் தேர்ச்சி இல்லை’. அந்த ‘இன்னும்’ என்ற சொல் கல்லு சாருக்கு மிகவும் பிடிக்கும். பிள்ளைகள் அதற்கு மயங்கவில்லை, ஃபெயில் என்றே சொன்னார்கள்.

பதினோரு வருடத்தில் அவரிடம் வந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் தேறினார்கள். அதிலும் நிறையப் பேர் தவறவிட்ட படியைக் கடைசி நொடியில் தாங்களாகவே உணர்ந்து திருத்திக்கொண்டவர்கள். ஆண்டறிக்கையில் நிலையத்தின் முதல்வர் அதற்கென்றே தனிப் பத்தி எழுதுவார்.

அந்தப் பத்துக்கு ஒன்றில் சேர்ந்தவள் தறியக்கா. விசைத்தறி ஆலையில் பதினான்கு வருடம் வேலை பார்த்துவிட்டு, முப்பத்தாறு வயதில், இரண்டு பிள்ளைகளுக்கு அம்மாவான பிறகு மின்பணி படிக்க வந்தவள். கூடப் படித்த பொடியன்கள் வைத்த பெயர் அது. எட்டு மாதத்துக்கு முன் முதல் தடவை தேர்வுக்கு வந்தபோது ஒன்பதாவது படியை விட்டாள். நான்கு மாதத்துக்கு முன் இரண்டாவது தடவை சாவியைப் பூட்டிலேயே தொங்க விட்டாள். இரண்டு தடவையும் கம்பியில் கை வைத்துவிட்டுத் திரும்பி, முடிந்தது என்று நிம்மதியாக நின்றாள். கல்லு சார் ‘இன்னும் தேர்ச்சி இல்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

முதல் தடவை நழுவியபோது கூடவே ஒரு வேலையும் நழுவியது. பெரிய ஆஸ்பத்திரியின் பராமரிப்புப் பிரிவில் ஒரு இடம் காலியாக இருந்தது. அதே நாளில் தேறிய, எப்போதும் பல்லைக் காட்டிக்கொண்டிருந்ததால் ‘சிரிப்பு’ என்று கூப்பிடப்பட்ட ஒருவனுக்கு அது போனது. இப்போது அங்கேயே இரண்டாவது இடம். மாத முடிவுக்குள் சான்றிதழைக் கொண்டுவந்தால் தருகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். அதற்கு இருந்த ஒரே வழி மூன்றாவது தடவை. அதுதான் கடைசியும்கூட. இதிலும் தவறினால் படிப்பை முதலிலிருந்து ஒரு வருடம் படிக்க வேண்டும். அதற்கு அவளிடம் காலமும் இல்லை, தெம்பும் இல்லை.

அந்த மூன்றாவது தேர்வு நாளன்று காலை கல்லு சாருடைய பேனா நின்றுவிட்டது. உதறினார், ஊதினார், ஒன்றும் நடக்கவில்லை. பட்டறைக்குப் பின்னால் இருந்த பொருள் அறைக்குப் போனார். அங்கே ஸ்டோரம்மா. அந்த நிலையத்தில் ஒரு திருகாணிகூட அவர் அறியாமல் அசையாது, ஒரு செய்தியும் அசையாது.

“ஒரு பேனா குடுங்கம்மா.”

ஸ்டோரம்மா இழுப்பறையைத் துழாவி, மேலே அழுத்தினால் முனை வெளியே வருகிற சாதாரணப் பேனா ஒன்றை எடுத்தார். கொடுக்கப்போனவர் நிறுத்திக்கொண்டார்.

“மூடி வெச்சது இல்லையே சார். பரவாயில்லையா?”

“எதுவா இருந்தா என்ன?”

“என்ன சார் இப்படிச் சொல்றீங்க? மூடி இல்லாமப் போனா இன்னைக்கு ஒருத்தனும் தேற மாட்டான்” என்று ஸ்டோரம்மா சிரித்தார்.

கல்லு சாருக்குப் புரியவில்லை. அவருக்குப் புரியவில்லை என்பது ஸ்டோரம்மாவுக்குப் புரியக் கொஞ்சம் நேரமானது. புரிந்ததும் சிரிப்பு நின்றது.

“நெஜமாவே தெரியாதா சார்? ஏதாவது விட்டுட்டா நீங்க பேனாவ மூடுவீங்கல்ல, டக்குனு. அது கேட்டா கைய நிறுத்திடணும், எதை விட்டோம்னு யோசிக்கணும். வந்த மொத நாளே பழைய பசங்க புதுப் பசங்களுக்குச் சொல்லிக் குடுக்கறதே அதைத்தான். நீங்க வேணும்னுதான் பண்றீங்கன்னு நெனச்சேன். மொகம்தான் கல்லு, மனசு தங்கம்னு வீட்ல கூடச் சொல்லியிருக்கேன்.”

கல்லு சார் பக்கத்திலிருந்த கம்பிச் சுருளின் மேல் உட்கார்ந்துவிட்டார். குறி போட ஒன்றும் இல்லாதபோது பேனாவை மூடினார், உண்மைதான். மூடியதும் பிள்ளைகள் திருத்திக்கொண்டார்கள், அதுவும் உண்மைதான். இந்த இரண்டையும் பதினோரு வருடமாக அவர் சேர்த்துப் பார்த்ததே இல்லை.

“எல்லாருக்கும் தெரியுமா?”

“உங்களைத் தவிர எல்லாருக்கும். பாவம், தறியக்காவுக்குத்தான் அது பிரயோஜனம் இல்ல. தறிச் சத்தத்துல வலது காது சுத்தமாப் போச்சு, இடதுல பாதிதான். சொன்னா சேர்த்துக்க மாட்டாங்கன்னு மறைச்சு வெச்சிருக்கா. நான் சொன்னதா சொல்லிடாதீங்க.”

கல்லு சார் எழுந்தார். அந்தப் பேனாவையே வாங்கிக்கொண்டார். முனையை ஒருதரம் அழுத்தி வெளியே எடுத்தார், பிறகு சாயங்காலம் வரை அந்தப் பொத்தானைத் தொடவில்லை.

அன்று ஒன்பது பேர். முதலில் வந்தவன் எட்டுப் படியும் மளமளவென்று முடித்தான். கம்பிப் பக்கம் கையைக் கொண்டுபோய், ஒரு விரல் இடைவெளியில் நிறுத்தினான். பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் மாதிரி நின்றான். ஒரு சத்தமும் வரவில்லை. சரி, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது போல என்று நிம்மதியாகக் கையை வைத்தான். இரண்டாவது ஆளும் அதே. மூன்றாமவன் பொறுக்க முடியாமல் திரும்பிப் பேனாவையே பார்த்துவிட்டான். அவன் முகம் போன போக்கைக் கண்டு வேறு யாராவது என்றால் சிரித்திருப்பார்கள். கல்லு சார் தாளில் அந்த இடத்தைக் காலியாக விட்டார். சாவி, அட்டை, டெஸ்டர் என்று ஆளுக்கொன்றாக விட்டார்கள். ஒருவன் பக்கத்தில் இருப்பவர்களிடம் சொல்லவே மறந்தான்.

ஆறாவதாகத் தறியக்கா வந்தாள். அவள் எதற்கும் காத்திருக்கவில்லை. உதடுகள் அசைந்தன, படிகளைத் தனக்குத்தானே எண்ணிக்கொண்டிருந்தாள். பூட்டினாள், சாவியைச் சுடிதார்ப் பையில் போட்டு வெளியே ஒருதரம் தட்டிப் பார்த்தாள். டெஸ்டரை வைத்தாள், லைனைப் பார்த்தாள், திரும்பப் போய் டெஸ்டரை வைத்தாள், பிறகு கை வைத்தாள். நிறுத்தமும் இல்லை, திகைப்பும் இல்லை. இரண்டு தடவை விழுந்ததில் அவளுக்கு எல்லாம் மனப்பாடத்தைத் தாண்டிக் கைக்குள் போயிருந்தது.

அன்றைய தாளில் தேர்ச்சி இரண்டே பேருக்கு. ஒன்று தறியக்கா. இன்னொருவன் யாரோடும் அதிகம் பேசாத ஒரு குண்டுப் பையன். யாரும் அவனிடம் ரகசியத்தைச் சொல்லவில்லை போலிருக்கிறது.

முதல்வர் தாளைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். கல்லு சார் நடந்ததைச் சொன்னார். முதல்வர் கெட்டவரல்ல, நிலையத்தை நடத்த வேண்டியவர். வழி ஒன்றைக் கண்டுபிடித்தார்.

“திடீர்னு முறையை மாத்தினதால கொளறுபடின்னு சொல்லி இன்னைக்கு நடந்ததை ரத்து பண்ணிடலாம். அடுத்த மாசம் மறுபடி வைப்போம். வழக்கம் போல.”

“தேறின அந்த அம்மா?”

“ரத்துன்னா எல்லாருக்கும்தான் சார். ஒருத்தருக்கு மட்டும் எப்படி?”

“அவங்களுக்கு மாசக் கடைசிக்குள்ள வேணும்.”

“அப்படின்னா இன்னைக்கு நடந்ததுதான் சரின்னு நீங்க மேலிடத்துக்கு எழுதணும். இன்னைக்குச் சரின்னா, இதுவரைக்கும் நடந்தது என்னன்னு கேப்பாங்க. உங்க அங்கீகாரத்தை நிறுத்திடுவாங்க. யோசிச்சுக்கோங்க.”

யோசித்தார். ஓய்வுக்கு நான்கு வருடம் இருந்தது. சாயங்காலம் வீட்டில் தையல் மேசையின் ஒரு ஓரத்தைக் காலி செய்துகொண்டு உட்கார்ந்து எழுதினார். மனைவி துணியை ஒதுக்கிவிட்டு வாங்கிப் படித்தார்.

“பதினோரு வருஷமா கையில வெச்சிருந்த பேனா மூடியக் கூடவா கவனிக்கல?”

அவர் தையல் மேசையில் கிடந்த நூல்கண்டை உருட்டினார்.

“‘நான் அறியாமல்’னு மூணு எடத்துல இருக்கு. அதை எடுங்க. அறிஞ்சா என்ன, அறியாட்டி என்ன? நடந்ததை மட்டும் எழுதுங்க.”

எடுத்தார். எடுத்த பிறகு கடிதம் அரைப் பக்கம்தான் வந்தது. மறுநாள் காலை அனுப்பினார். அனுப்பிவிட்டு நடந்தபோது தன்மேல் அவருக்கு ஒரு மரியாதை வந்தது. அதை ஒளித்து என்ன பயன், நன்றாகவே வந்தது.

பத்தாம் நாள் பதில் வந்தது. அன்றைய முடிவுகள் செல்லும். விசாரணை முடியும் வரை அவர் மதிப்பீடு செய்யக்கூடாது. பழைய தேர்வுகளைப் பற்றிப் பின்னர் முடிவு செய்யப்படும். கல்லு சாருக்குப் பொருள் அறையில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். கம்பித் துண்டுகளை அளவுவாரியாகப் பிரிக்கும் வேலை. ஸ்டோரம்மா அவருக்கு முன் பேசுவதைக் குறைத்துக்கொண்டார், அதுவே பெரிய தண்டனையாக இருந்தது.

மாத முடிவுக்கு இரண்டு நாள் முன்பு தறியக்கா சான்றிதழை வாங்கிக்கொண்டு, தோளில் கருவிப் பையோடு அங்கே வந்தாள். இரவல் வாங்கியிருந்த பூட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தவள் அவரைக் கண்டு நின்றாள்.

“நீங்க இங்க என்ன பண்றீங்க சார்?”

கல்லு சார் எழுந்து அவளுடைய இடது பக்கம் வந்து, முகம் தெரிகிற மாதிரி நின்று, எல்லாவற்றையும் சொன்னார். பேனா, மூடி, எட்டு மாதத்துக்கு முன் சிரிப்பு அந்த ‘டக்’ கேட்டு ஒன்பதாவது படியைத் திருத்திக்கொண்டது, கடிதம். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். தன் காது விஷயம் அவருக்குத் தெரிந்திருக்கிறது என்று புரிந்தபோது மட்டும் கழுத்து சிவந்தது.

“அப்போ எட்டு மாசத்துக்கு முன்னாடி எனக்கு அந்தப் படி தெரியல. அவனுக்கும் தெரியல. ஆனா வேலை அவனுக்குப் போச்சு.”

“ஆமாம்மா.”

“அந்த எட்டு மாசம் நான் எப்படி வீட்டை ஓட்டினேன்னு உங்களுக்குத் தெரியுமா சார்?”

தெரியாது என்று அவர் தலையை அசைத்தார். கடிதம் எழுதியதற்கு அவள் ஏதாவது நல்ல வார்த்தை சொல்லுவாள் என்று எதிர்பார்த்திருந்தார். அப்படி எதிர்பார்த்தது இப்போது அவருக்கே கூச்சமாக இருந்தது.

தறியக்கா வாசல் வரை போனாள். போனவள் திரும்பி வந்தாள்.

“மேலிடத்துக்கு எழுதினீங்க, சரி. சிரிப்புக்கிட்டச் சொன்னீங்களா?”

“அவனுக்கு ஆபீஸ்லருந்து தகவல் போகும்மா. பழைய தேர்வுகளைப் பத்தி அவங்க முடிவு பண்ணி...”

“எப்போ?”

அவர் கையிலிருந்த கம்பித் துண்டைக் கீழே வைத்தார்.

“ஆஸ்பத்திரில தெனமும் போர்டைத் தொறந்து கை வெக்கிறது அவன்தான் சார். ஆபீஸா வெக்குது?”

அவளே தன் தொலைபேசியில் சிரிப்பின் எண்ணைத் தேடி எடுத்தாள். தனக்கும் கேட்கும்படி ஒலியை முழுவதும் கூட்டி, “தேர்வு பாக்கற சார் பேசறார்” என்று சொல்லிவிட்டு, அதை அவர் முன் நீட்டினாள்.

“கல்லு சாரா? ஐயோ, சார், மன்னிச்சுக்கோங்க சார்!” என்று அந்தப் பக்கம் அவன் சிரித்தான். “நல்லா இருக்கீங்களா சார்?”

“இருக்கேம்பா. லைனை நிறுத்தறப்போ என்னென்ன பண்றே, சொல்லு.”

“என்ன சார் திடீர்னு? எல்லார்கிட்டயும் சொல்லிட்டு, பிரேக்கரைப் பாத்து அணைக்கிறேன், பூட்டறேன், அட்டை மாட்டறேன், சாவி பையில. டெஸ்டர் வேலை செய்யுதான்னு பாக்கறேன், லைனைப் பாக்கறேன்.”

“அப்புறம்?”

மறுமுனையில் பேச்சு நின்றது. அவன் யோசிக்கவில்லை, அந்த ‘டக்’குக்குக் காத்திருக்கிறான் என்று கல்லு சாருக்கு உடனே தெரிந்துவிட்டது. பதினோரு வருடமாக அவர் செய்யக்கூடாது என்று இருந்ததை அப்போது செய்தார். விட்டுப்போனது எது, ஏன் அதை விடக்கூடாது, விட்டால் என்ன ஆகும் என்று வாயைத் திறந்து சொன்னார். காகித ஆலையையும் சேர்த்துச் சொன்னார்.

“ஓ, அதுவா சார்?” சிரிப்புக்கு நிம்மதி வந்தது. “ரெண்டாவது தடவை வெச்சுப் பாக்கறது. ஞாபகம் இருக்கு சார். அது பரீட்சைக்குத்தானே?”

தறியக்கா கல்லு சாரைப் பார்த்தாள். அவர் தொலைபேசியை வாய்க்கு அருகில் கொண்டுபோனார்.

“இப்ப எங்கப்பா நிக்கறே?”

“ரெண்டாவது மாடி போர்டு சார். தொறந்துதான் வெச்சிருக்கேன். அஞ்சு நிமிஷ வேலை.”

“தொடாதே. மூடிட்டு வெளிய வந்து உக்காரு. நாங்க வர்றோம்.”

தறியக்கா கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள்.